ஊர்க்குரலுக்கு உரிமம் கிடைத்த கதை

ஒரு கிராமம் தனக்கென்று வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, தன் பேச்சு வழக்கில் தன் ஊர்ச் சங்கதிகளைப் பேசலாம் என்ற உரிமை இந்தியாவில் ஒரு கிரிக்கெட் தகராறின் வழியாக வந்தது. 1993 நவம்பரில் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. அரையிறுதியின் கடைசி ஓவரைச் சச்சின் டெண்டுல்கர் வீசி ஜெயித்துக் கொடுத்ததும், இறுதி ஆட்டத்தில் அனில் கும்ப்ளே 12 ரன்களுக்கு 6 விக்கெட் சாய்த்ததும் அந்தத் தலைமுறைக்கு மறக்காது. அதே நாட்களில் மைதானத்துக்கு வெளியே வேறொரு மோதல் நடந்துகொண்டிருந்தது. ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமையைச் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றிருந்தது. இந்திய மண்ணிலிருந்து அலைவரிசையில் எதை அனுப்பினாலும் அது அரசின் தனியுரிமை என்றது தூர்தர்ஷன். ஒளிபரப்புக் கருவிகள் சுங்கத்தில் முடங்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூவரும் கிரிக்கெட்டைத் தாண்டி ஒரு பெரிய கேள்விக்குப் பதில் சொன்னார்கள். அலைவரிசை யாருடையது? பொதுமக்களின் சொத்து என்றார்கள். அதை அரசு தன் கைக்குள் வைத்துக்கொள்ளவும் கூடாது, பணம் படைத்தவர்கள் வளைத்துப்போடவும் கூடாது. பொதுநலனுக்காக ஒரு பொது அமைப்பு அதை நெறிப்படுத்த வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கிரிக்கெட் உலகம் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் தீர்ப்பை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் வானொலியை நம்பிய சிறிய ஊர்க்காரர்களும் அவர்களுக்குத் துணை நின்ற தன்னார்வலர்களும்தான்.

தீர்ப்பு வரும் வரை அலைவரிசையைக் கட்டிப்போட்டிருந்தது 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். மார்க்கோனி கம்பியில்லாமல் சமிக்ஞை அனுப்பிக் காட்டியதற்குப் பத்தாண்டுகள் முன்பே, தந்திக் கம்பியை மனதில் வைத்துப் பிரிட்டிஷ் ஆட்சி எழுதிய சட்டம் அது. கம்பிக்குப் போட்ட பூட்டு காற்றுக்கும் பொருந்தியது. ஆட்சி மாறிய பிறகும் யாரும் அந்தப் பூட்டைக் கழற்றவில்லை. வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பித்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கேட்பதற்கே உரிமம் கேட்ட நாட்டில் பேசுவதற்கு யாருக்கு அனுமதி கிடைத்திருக்கும்?

ஆனால் தொடக்கம் அப்படி இருக்கவில்லை. இந்தியாவில் வானொலி அரசு தந்த கொடையாக வரவில்லை. ஆர்வலர்களின் சொந்த முயற்சியாக வந்தது. அதில் சென்னைக்கு முக்கியமான பங்கு உண்டு. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவானது. அந்த ஜூலை இறுதியில் ஒலிபரப்பும் தொடங்கியது. கையில் இருந்தது மிகச் சிறிய ஒலிபரப்பி. மூன்றாண்டுகளில் பணம் தீர்ந்தது. கழகத்தார் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே வானொலி நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சி தந்தது. குப்பை அள்ளும், குடிநீர் தரும் அமைப்பே ஊருக்கு வானொலியும் நடத்தியது என்பதை இன்றைக்கு நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்ததும் மாநகராட்சியின் வானொலி முடிவுக்கு வந்தது. ஊர் நடத்திய வானொலி அத்தோடு போயிற்று. அது திரும்பி வர 66 ஆண்டுகள் ஆயின.

நடுவில் இருந்த காலத்தை வெறும் இருட்டு என்று சொல்வது நியாயமாகாது. 1956-இல் பூனா வட்டாரத்தில் யுனெஸ்கோ துணையோடு அகில இந்திய வானொலி ஒரு சோதனை நடத்தியது. சுமார் 150 கிராமங்களில் கேட்போர் மன்றங்கள் அமைத்தார்கள். விவசாயிகள் கூடி அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பெட்டியை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் விவாதிப்பார்கள், ஐயங்களையும் தீர்மானங்களையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். அந்தக் கேள்விகள் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் பதில் பெற்றன. சமூகவியலாளர் பால் நியூரத் அந்தச் சோதனையை ஆராய்ந்து, மன்றம் இருந்த கிராமங்களில் அறிவும் கூட்டு முடிவெடுக்கும் பழக்கமும் வளர்ந்ததாக எழுதினார். கனடாவின் பண்ணை வானொலி மன்றங்கள்தாம் இதற்கு முன்மாதிரி. பிறகு நாடெங்கும் மன்றங்கள் பரவின; சில ஆண்டுகளில் கவனிப்பாரின்றித் தேய்ந்தன.

நம் பக்கத்தில் தஞ்சை டெல்டா இருக்கிறது. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் 1960-களில் வந்தபோது, திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1984 அக்டோபர் 30 அன்று அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியது. இவையெல்லாம் நல்ல வேலைகள். ஆனாலும் ஒலிவாங்கி அரசு ஊழியரின் மேசையில்தான் இருந்தது. எந்த விதை, எந்த உரம், எந்த மருந்து என்று நிலையம் சொன்னது, ஊர் கேட்டுக்கொண்டது. அந்த விதை எங்கள் நிலத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஊர் உரக்கத் திருப்பிச் சொல்ல வழி இருக்கவில்லை.

அதைத் திருப்பிச் சொன்னவர்கள் தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரப் பெண்கள். அன்று மேடக் மாவட்டமாக இருந்த அந்தப் பகுதி செம்மண் பூமி, மானாவாரி நிலம். பெரும்பாலும் தலித் பெண்கள், சிறு நிலக்காரர்கள். தக்காண வளர்ச்சிச் சங்கம் 1980-களிலிருந்து அவர்களைச் சங்கங்களாகத் திரட்டியிருந்தது. சங்கத்தை நடத்தியவர்களில் முதன்மையானவர் பி.வி. சதீஷ், தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பெண்கள் சோளம், தினை, துவரை எனப் பல பயிர்களைக் கலந்து விதைத்தார்கள். விதையை வீட்டிலேயே சேமித்தார்கள். வானொலியோ ஒற்றைப் பயிரையும் ரசாயன உரத்தையும் போதித்தது. அதில் வந்த மொழியும் நகரத்துத் தெலுங்கு. தங்கள் வட்டார வழக்கு சினிமாவில் சிரிப்புக்கு மட்டும் பயன்படுவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். எங்களுக்கு எங்கள் வானொலி வேண்டும் என்று கேட்டார்கள்.

யுனெஸ்கோ உதவியது. 1990-களின் இறுதியில் மாச்னூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக்கூடமும் கோபுரமும் எழுந்தன. கருவி வந்தது, பயிற்சி வந்தது, உரிமம் வரவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பெண்கள் மேல் தீராத மரியாதை. கோபுரம் நிற்கிறது, ஒலிபரப்ப அனுமதி இல்லை என்ற நிலையில் எத்தனை பேர் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள்! அவர்கள் பத்தாண்டுகள் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். விதைப்பு, அறுவடைப் பாட்டு, பிரசவ வைத்தியம், ரேஷன் கடை, கூலி, பண்டிகை என எல்லாவற்றையும் ஒலிநாடாவில் ஏற்றினார்கள். சங்கக் கூட்டங்களுக்கு நாடாவை எடுத்துப்போய் ஓடவிட்டார்கள். அதைக் கேட்டு அந்த ஊர்ப் பெண்கள் சொன்ன பதிலையும் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். காற்றில் அனுப்ப முடியாத வானொலியை நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1996-இல் பெங்களூரில் கூடியவர்களும் 2000-இல் அருகிலிருந்த பஸ்தாபூரில் கூடியவர்களும் சமுதாய வானொலிக்கு அனுமதி கேட்டு அறிக்கை வெளியிட்டார்கள். அந்தக் கோரிக்கைக்கு மாச்னூரின் நாடாக்களைவிட வலுவான சான்று வேறில்லை.

அந்த ஆண்டுகளில் தனியார் பண்பலைக்கு வழி திறந்துவிட்டது. அலைவரிசைகள் ஏலம் போயின. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் பாடத் தொடங்கியது. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் கிடைத்த இடம் கிராமத்துக்குக் கிடைக்கவில்லை. பணம் படைத்தவர்களும் வளைத்துப்போடக் கூடாது என்ற தீர்ப்பின் பாதி இங்கே மறந்துபோயிற்று.

காத்திருக்க முடியாதவர்கள் குறுக்கு வழி கண்டார்கள். கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்தின் பூதிகோட்டையில், ஹைதர் அலி பிறந்த ஊரில், ‘நம்ம த்வனி’ என்ற ஊர் வானொலியைக் கேபிள் டிவி கம்பி வழியாகவே வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். கம்பியில் போனால் அலைவரிசை உரிமம் தேவைப்படவில்லை. பீகாரின் வைஷாலி மாவட்டத்தில் மன்சூர்பூர் கிராமத்து ரேடியோ பழுதுபார்க்கும் இளைஞர் ராகவ் மகதோ, சுமார் 50 ரூபாய்க்கு உதிரி பாகங்களைக் கோத்து ஒலிபரப்பி செய்தார். மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி, ‘ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1’ என்று அறிவித்துக்கொண்டு சினிமாப் பாட்டோடு ஊர் அறிவிப்புகளையும் போட்டார். போலியோ சொட்டு மருந்து, காணாமல்போன பிள்ளைகள் என ஊருக்கு வேண்டியதெல்லாம் அதில் வந்தன. சுற்றுவட்டாரமே கேட்டது. 2006 மார்ச்சில் சட்டவிரோதம் என்று அதை மூடினார்கள். எட்டு மாதம் கழித்து வந்த புதிய கொள்கையிலும் அவருக்கு இடமில்லை. தனிநபருக்கு உரிமம் கிடையாது, மூன்றாண்டுகளாவது இயங்கிய பதிவுபெற்ற அமைப்பு வேண்டும் என்றது கொள்கை. இந்த நாட்டின் வானொலி வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

அரசு முதலில் நம்பியது கல்லூரிகளை. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி தரும் கொள்கை வந்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். நிகழ்ச்சிகளை மாணவர்கள் தயாரித்தார்கள். சுற்றியிருந்த குடியிருப்புகளின் பெண்களும் ஒலிவாங்கி பிடிக்கவும் பதிவு செய்யவும் கற்று, உடல்நலம், ஊட்டச்சத்து என்று தங்கள் பகுதிக்குத் தேவையானதைப் பேசினார்கள். 1938-இல் சென்னை இழந்த ஒன்று 2004-இல் சென்னையிலேயே வேறு உருவில் திரும்பி வந்தது என்று நான் எண்ணுவதுண்டு. அதற்கடுத்த ஆண்டுகளில் எம்.ஓ.பி. வைஷ்ணவக் கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி என்று தமிழ் பேசும் நிலையங்கள் அடுத்தடுத்துக் கிளம்பின.

கல்லூரிக்கு வெளியே இருந்தவர்களுக்கு 2006 நவம்பர் 16 அன்று மத்திய அமைச்சரவை கதவைத் திறந்தது. தன்னார்வ அமைப்புகளும் வேளாண் அறிவியல் மையங்களும் இனி நிலையம் நடத்தலாம். அப்போதும் மாச்னூர் இரண்டாண்டு காத்திருந்தது. 2008 அக்டோபர் 15, உலக ஊரகப் பெண்கள் நாள் அன்று சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. தன்னார்வ அமைப்பு ஒன்று நடத்திய முதல் சமுதாய வானொலி அது. தொடங்கிவைத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி பி.பி. சாவந்த். 1995-இல் அலைவரிசை மக்களுடையது என்று எழுதிய அவரே, மக்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்ட நாளில் அந்த ஊரில் இருந்தார். நிலையத்தை நடத்தியவர்களில் முன்னின்ற இருவருக்கும் நரசம்மா என்றே பெயர்: ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா. வேலையும் சமையலும் முடிந்து கேட்பதற்குத் தோதாக ஒலிபரப்பை இரவில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையங்களின் அளவைத் தெரிந்துகொண்டால்தான் இவை எப்படி வேலை செய்கின்றன என்பது புரியும். ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட், ஆன்டெனா 30 மீட்டர் உயரம் வரை. தரை சமமாக இருந்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த ஊரில் தயாரானதாக இருக்க வேண்டும், கூடிய மட்டும் ஊர் மொழியில், ஊர் வழக்கில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஒலிபரப்பியதையெல்லாம் மூன்று மாதம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். எல்லை சின்னதாக இருப்பது இங்கே பலமாகிறது. நேயர் தொலைபேசியில் வந்தால் குரலை வைத்தே இன்னார் என்று பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். அவர் சொன்னது பொய்யானால் மறுநாள் டீக்கடையில் கேட்டுவிடுவார்கள். மாநிலம் முழுக்கப் போகும் விவாத நிகழ்ச்சிகளில் கிடைக்காத பொறுப்பு இதில் தானாகவே வந்துவிடுகிறது.

இவ்வளவும் கொடுத்த கொள்கை, முக்கியமான ஒன்றைத் தராமல் நிறுத்திக்கொண்டது. செய்தி கூடாது, நடப்பு விவகாரம் கூடாது, அரசியல் கூடாது. பிற்பாடு ஒரு தளர்வு வந்தது: ஆகாசவாணியின் செய்தியை அப்படியே, அல்லது ஊர் மொழியில் பெயர்த்துச் சொல்லலாம். டெல்லியில் நடந்ததை இதனால் அறிவிக்க முடியும். தன் ஊர் ஏரிக்கரை உடைந்ததை நிருபரை அனுப்பி விசாரித்துச் செய்தியாகச் சொல்ல முடியாது. மின்தடை, குடிநீர், வானிலை, வேலைவாய்ப்பு போன்ற பயன்பாட்டுத் தகவல்களைச் சொல்லலாம் என்ற அளவில் ஊர் நிலையங்கள் காலம் தள்ளுகின்றன. நாளை தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஒரு மாதமாக ஏன் வரவில்லை, அதற்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று கேட்டால் அது நடப்பு விவகாரமாகிவிடுமோ என்ற அச்சம் நிலையத்தாரைப் பிடித்துக்கொள்கிறது. கேள்விகள் நேயரின் வாயிலிருந்து வரத்தான் செய்கின்றன. ரேஷன் அரிசியைப் பற்றியும் நூறு நாள் வேலைக் கூலியைப் பற்றியும் பேசாமல் ஒரு கிராமத்தில் என்ன பேச முடியும்? ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கும் நாளை எண்ணிக்கொண்டு பேச்சைப் பாதியில் திருப்பிவிடும் தொகுப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை விதியில் இருக்கிறது.

இந்த விதி தேவைதான் என்போர், ஊர் வானொலியில் செய்தி வந்தால் சாதி மோதலும் வதந்தியும் பெருகும் என்கிறார்கள். அண்டை நாட்டைப் பார்க்கலாம். நேபாளத்தில் 1997-இல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா, தெற்காசியாவில் அரசின் பிடிக்கு வெளியே எழுந்த முதல் சமுதாய நிலையம். அங்கே ஊர் நிலையங்கள் செய்தி சொல்லியே வளர்ந்தன. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா அதிகாரத்தைக் கைப்பற்றிப் பண்பலையில் செய்திக்குத் தடை போட்டபோது, வானொலிக்காரர்கள் தெருவில் ஒலிபெருக்கி பிடித்துச் செய்தி வாசித்தார்கள். செய்தியைப் பாட்டாகப் பாடியும் ஒலிபரப்பினார்கள். பாட்டுக்குத் தடை இல்லையே! பிறகு அந்தத் தடை விழுந்தது. ஊர்ச் செய்தியை அனுமதித்த நாடு அதனால் சிதறிவிடவில்லை. இங்கே வதந்தியை விதைப்பவர்கள் கைபேசியில் ஒரு நொடியில் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறார்கள். அதை மறுத்து, விசாரித்து, இன்னார் சொன்னார் என்று பெயரோடு உண்மையைச் சொல்லக்கூடிய ஊர்க்குரலின் வாயைத்தான் நாம் கட்டி வைத்திருக்கிறோம்.

வாய் பாதி கட்டப்பட்டிருந்தும் இந்த நிலையங்கள் செய்யும் வேலை பெரிது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கடல் ஓசை 90.4, மீனவர்களின் வானொலி. காற்றின் போக்கு, அலை உயரம், மீன் வரத்து, கடல் மாறிவருவதைப் பற்றிய பெரியவர்களின் அனுபவம் என்று கடலோரத்தின் பேச்சே அதில் நிகழ்ச்சியாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மூழ்கியபோது அங்கே 107.8-இல் அவசரகால வானொலி ஒன்று இயங்கி, உதவி எங்கே கிடைக்கும் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் விழுந்த இடத்தில் மின்கலம் போட்ட சிறிய வானொலிப் பெட்டிதான் வேலை செய்தது. அப்படிப்பட்ட நாளில் மட்டும் ஊர் நிலவரம் பேசலாம், மற்ற நாளில் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

2012-இல் இந்த நிலையங்களின் அலைவரிசைக் கட்டணத்தை அரசு ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 91,000 ரூபாய்க்கு ஏற்றியது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பவே, ஏற்றியதைத் திரும்பப் பெற்றது. சத்தம் போட்டால் கேட்கிறார்கள் என்பதற்கு இது சான்று. அதன் பிறகு விளம்பர நேரத்தையும் கூட்டித் தந்திருக்கிறார்கள். நாட்டில் சமுதாய வானொலி நிலையங்கள் 500-ஐத் தாண்டிவிட்டன. 1885-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. செய்தித் தடை மட்டும் அப்படியே நிற்கிறது.

மூன்று மாத ஒலிப்பதிவைக் காட்டச் சொல்லும் விதி ஏற்கெனவே இருக்கிறது. யாராவது பகை மூட்டினால் பிடிக்க அது போதும். ஆகவே, தங்கள் எல்லைக்குள் நடப்பதை விசாரித்துச் சொல்லவும், அதிகாரியையும் ஊராட்சித் தலைவரையும் ஒலிவாங்கி முன் உட்காரவைத்துக் கேள்வி கேட்கவும் இந்த நிலையங்களுக்கு மத்திய அரசு அனுமதி தர வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் 90.4, 90.8, 107.8 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் ஊர் வானொலி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் கேட்பதோடு நிற்காமல், தொலைபேசியில் அழைத்து உங்கள் தெருவின் பிரச்சினையைப் பேசுங்கள்.